மருந்து ஒன்று, காத்திருப்பு வேறு: பன்னிரண்டு ஆண்டு மருத்துவமனை அனுபவம்

2013ஆம் ஆண்டு சிங்கப்பூரில் அப்பாவை நெஞ்சு வலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோன இரவில், சேர்க்கைப் படிவத்தை நீட்டிய ஊழியர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்த வகுப்பு?" என்பது. இங்கே பொது மருத்துவமனை வார்டுகள் கட்டணத்தைப் பொறுத்து ஏ முதல் சி வரை பிரிக்கப்பட்டவை; சிதான் மிக மலிவு. நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா ஆக்ஸிஜன் முகமூடியைச் சற்றே விலக்கி, "சி போதும்" என்றார். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். தன் உயிருக்கு என்ன விலை ஆகும் என்பதை அந்த நிலையிலும் கணக்குப் போட்டுவிட்டார்.

அதற்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் பொது மருத்துவமனைகளுக்கும், பாலிகிளினிக் எனப்படும் அரசின் பலதுறை மருந்தகத்திற்கும் இடையே அலைந்திருக்கிறேன். அப்பாவின் இதயம், நீரிழிவு, சிறுநீரகம், இப்போது அம்மாவின் முழங்கால். நடுவில் 2019இல், நிறுவனக் காப்புறுதியின் புண்ணியத்தில், நானே ஏ வகுப்பில் ஒரு நோயாளியாகப் படுத்தேன். ஏழைக்கும் பணக்காரருக்கும் இங்கே ஒரே சிகிச்சைதானா என்ற கேள்வி எழும்போதெல்லாம், இரண்டு பக்கமும் பார்த்தவள் என்ற முறையில் எனக்குச் சொல்ல இருப்பதை எழுதுகிறேன்.

சிகிச்சையைப் பொறுத்தவரை எனக்குக் குறை எதுவும் இல்லை. அறுவை அரங்கில் வகுப்பு கிடையாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்பாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர் எந்த வகுப்பு நோயாளி என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. இருவருக்கும் ஒரே கருவிகள், அதே தாதியர். அப்பாவின் ரசீதில் மானியம் என்ற வரியைப் பார்த்தபோது கண் கலங்கியது. அப்போது சி வகுப்பில் மானியம் 80 விழுக்காடு வரை இருந்தது. பி2 வகுப்பில் 65 வரை. 2009இல் வசதிச் சோதனை வருவதற்கு முன்பு, யார் சி வகுப்பைக் கேட்டாலும் அந்த உச்ச அளவு மானியமே கிடைத்தது. அதற்குப் பின் வருமானத்துக்கு ஏற்றபடி கூடுகிறது, குறைகிறது. வசதியுள்ளவருக்குக் குறைத்து இல்லாதவருக்குக் கூட்டுவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

வார்டில் எட்டுக் கட்டில்கள். குளிர்சாதனம் இல்லை, மின்விசிறிதான். பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனப் பெரியவர். அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு ஹொக்கியன் தெரியாது. பழைய தலைமுறைக்கே உரிய சந்தை மலாயில் இரண்டு பேரும் கம்போங் (பழைய கிராமத்து) காலத்துக் கதைகளைப் பேசித் தீர்த்தார்கள். ஒரு நள்ளிரவில் அப்பாவுக்கு மூச்சுத் திணறியபோது மணியை அழுத்தியவர் அந்தப் பெரியவர்தான். ஏ வகுப்பில் எனக்குத் தனியறை, தனிக் குளியலறை, தொலைக்காட்சி எல்லாம் இருந்தன. ஆனால் இரவில் எனக்கு ஏதாவது ஆனால் பார்க்க அங்கே யாரும் இல்லை என்ற பயமும் இருந்தது.

இரண்டு வகுப்புகளுக்கும் இடையே என்னை உறுத்தும் வேற்றுமை வேறொன்று. என் பித்தப்பை அறுவை சிகிச்சைக்கு முன்தினம், நான் தேர்ந்தெடுத்த மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு தாளில் படம் வரைந்து, எங்கே துளையிடுவார், எத்தனை நாள் வலிக்கும் என்றெல்லாம் சொன்னார். நான் ஆங்கிலம் படித்தவள். பாதியை இணையத்தில் முன்பே தெரிந்துகொண்டவள். அப்பாவுக்கோ ஆங்கிலம் அரைகுறை. அவர் கட்டிலைச் சுற்றி ஐந்தாறு மருத்துவர்கள் காலை எட்டு மணிக்குள் வந்து, தங்களுக்குள் பேசி, அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். குடும்பத்தினர் வரும் நேரத்தில் அவர்கள் இருப்பதில்லை. என்ன சொன்னார்கள் என்று கேட்டால் அப்பா, "பார்த்துவிட்டுப் போனார்கள், சரியாகிவிடும்" என்பார். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு தாதி தன் வேலை நேரம் முடிந்த பிறகு நின்று எல்லாவற்றையும் தமிழில் விளக்கியிராவிட்டால், வீட்டுக்குப் போனபின் எந்த மாத்திரையை எப்போது கொடுப்பது என்றுகூட எங்களுக்குத் தெரிந்திருக்காது. அதிகமாக விளக்கம் தேவைப்படுகிறவருக்குக் குறைவான நேரம் ஒதுக்கப்படுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நிபுணரைப் பார்க்கும் விஷயத்திலும் இதுவே கதை. மானிய விலையில் பார்க்கப் பலதுறை மருந்தகத்தின் அல்லது சாஸ் (அரசின் மானியத் திட்டத்தில் சேர்ந்த தனியார்) மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். மருத்துவரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் புதிய முகம். அப்பா தன் நோயின் வரலாற்றை முதலிலிருந்து சொல்வார்.

பணம் என்ற பயம் மட்டும் ஆண்டுக்காண்டு குறைந்தது என்பதை மறைக்கமாட்டேன். நீரிழிவு இருந்ததால் அப்பாவுக்குப் பழைய மெடிஷீல்டு என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி கிடைக்கவில்லை. 2013 ரசீதின் மிச்சத்தை என் மெடிசேவும் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) அண்ணன் மெடிசேவும் சுமந்தன. அடுத்த ஆண்டு, மூத்த தலைமுறைக்கு மருத்துவச் சலுகை தரும் முன்னோடித் தலைமுறை அட்டை வந்தது. 2015 நவம்பரில் வந்த மெடிஷீல்டு லைஃப், ஏற்கெனவே நோயுள்ளவர்களையும் ஆயுள் முழுவதும் சேர்த்துக்கொண்டது. 2020இல் என் சம்பளம் குறைந்த நேரத்தில் அப்பாவின் சிறுநீரகம் கைவிட்டது. மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க அப்பா கூச்சப்பட்டார்; நான்தான் போனேன். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார் அந்தப் பெண். மிச்சத்தை, கட்ட முடியாதவர்களுக்கான அரசு உதவி நிதியான மெடிஃபண்ட் ஏற்றுக்கொண்டது. 1993இலிருந்து இருக்கும் ஏற்பாடு அது. நம் பெரியவர்கள் பலர் வெட்கத்தால் அந்த அறைக்குள் போகாமலே கடன் வாங்குகிறார்கள். தயவுசெய்து போய்க் கேளுங்கள்.

அப்பா 2022இல் காலமானார். அவருடைய கடைசி மாதங்களில், அவசர சிகிச்சைப் பிரிவில் புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவரைப் பார்த்தேன். கட்டுமானத் தளத்தில் கை நசுங்கி வந்திருந்தார். அவரை எங்களுக்கு முன்பே உள்ளே கொண்டுபோனார்கள். காயத்தின் கடுமைதான் வரிசையைத் தீர்மானிக்கும்; அது சரிதான். ஆனால் வெளிநாட்டவருக்கு 2007இலிருந்து மானியம் இல்லை. செலவு முதலாளியின் பொறுப்பு. உயிர் காக்கும் அறுவை சிகிச்சை உடனே நடந்தது. அதன் பிறகு ஒவ்வொரு இயன்முறைச் சிகிச்சைக்கும் நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் வேண்டியிருந்தது. மேற்பார்வையாளர் தொலைபேசியை எடுக்காத வாரங்களில் அந்தக் கை அப்படியே இறுகிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு ஊழியர்களுக்கு முதலாளிகள் வாங்கவேண்டிய குறைந்தபட்ச மருத்துவக் காப்புறுதி அப்போது ஆண்டுக்கு 15,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்); 2023 ஜூலையில்தான் 60,000 ஆனது. ஏழை, பணக்காரர் என்று நாம் பேசும்போது இவர்களை எந்தக் கணக்கில் சேர்க்கிறோம்?

இப்போது அம்மாவின் முழங்காலுக்கு வருகிறேன். மானிய வரிசையில் ஐந்து மாதம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. அம்மா படியில் உட்கார்ந்து இறங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், அண்ணன் அதே மருத்துவமனையில் தனியார் கட்டணம் செலுத்திப் பதிவு செய்தார். பத்தே நாளில் நிபுணரைப் பார்த்துவிட்டோம். அதே கட்டடம், அதே எக்ஸ்ரே இயந்திரம். அறுவை சிகிச்சைக்கான மதிப்பீட்டைப் பார்த்த பிறகு மானியத்துக்கு மாற விரும்பினோம். ஒருமுறை தனியார் நோயாளியாக நுழைந்துவிட்டால், மருத்துவச் சமூக ஊழியரின் மதிப்பீட்டுக்குப் பிறகுதான் மாற முடியும் என்றார்கள். இல்லையென்றால் பலதுறை மருந்தகத்திலிருந்து மறுபடி தொடங்கவேண்டும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

மறுபடி தொடங்கியிருக்கிறோம். அக்டோபரில் நாள் கொடுத்திருக்கிறார்கள். யாராவது வராமல் போய் இடம் காலியாகுமா என்று திங்கட்கிழமைதோறும் காலையில் தொலைபேசியில் கேட்கிறேன். இதுவரை மூன்று வாரம் முன்னால் நகர்ந்திருக்கிறது.