பொருளாதாரப் புவியியல் கைடு: ஆறு வருஷம் வைத்திருந்தவன் சொல்வது

போன வாரம் பைண்டிங் கடையிலிருந்து என் போட்டித் தேர்வுக் கைடு திரும்பி வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே சித்தப்பா பையன் போன் செய்தான். "ஏங்ணா, இந்தியப் பொருளாதாரப் புவியியலுக்கு நீங்க வச்சிருக்கிற கைடையே வாங்கிடலாமுங்களா?" இரண்டும் ஒரே நாளில் நடக்காமல் இருந்திருந்தால் அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பேன். நடந்துவிட்டது. அதனால் நீளமாக எழுதுகிறேன்.

எத்தனை பக்கம், என்னென்ன பாடம், என்ன விலை என்பதெல்லாம் கடையில் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பதிப்பகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. 2019-ல் வாங்கினேன். அட்டையில் 'திருத்தப்பட்ட புதிய பதிப்பு' என்று சிவப்பில் வட்டம் போட்டு அச்சடித்திருந்தார்கள். அந்த வட்டத்தின் மேல்தான் என் கோபம் முழுக்க.

நான் நாமக்கல். எங்கள் ஊர் வழியாகப் போகும் நெடுஞ்சாலைக்கு என்ன எண் என்று மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. கைடில் படித்தபடி 7 என்று குறித்தேன். வாரணாசி முதல் கன்னியாகுமரி வரை, தேசிய நெடுஞ்சாலை 7, இந்தியாவிலேயே நீளமானது என்று அதில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. விடைக்குறிப்பில் 44. நூலகத்தில் கூடப் படித்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சிரிக்கத்தானே செய்வார்கள்? தினமும் ராசிபுரத்துக்கு அந்தச் சாலையில்தான் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். புதன்சந்தைக்குப் பக்கத்தில் மஞ்சள் தலை வைத்த மைல்கல்லில் 44 என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. கண்ணெதிரே இருந்த கல்லை விட்டுவிட்டுக் கைடை நம்பியிருக்கிறேன்.

நெடுஞ்சாலை எண்களை மத்திய அரசு மாற்றி அறிவித்தது 2010-ல். நான் வாங்கியது 2019 பதிப்பு. இடையில் ஒன்பது வருஷம். இப்போது 7 என்பது பஞ்சாபில் ஃபாசில்காவில் தொடங்கி பத்ரிநாத் பக்கம் ஏறிப்போகும் சாலை. அதற்கும் நாமக்கல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அதற்கப்புறம் கைடை நம்பாமல் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க ஆரம்பித்தேன். தங்கம் கிடைக்கும் இடம் கோலார் என்று நிகழ்காலத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சுரங்கத்தை மூடியது 2001-ல். கர்நாடகத்தில் இப்போது தங்கம் எடுப்பது ஹட்டியில். குதிரேமுக் இரும்புத் தாது ஏற்றுமதிக்குப் பெயர்பெற்றது என்கிறது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அங்கே தோண்டுவது 2005 கடைசியோடு நின்றுபோனது. தேசிய நீர்வழிகள் ஐந்து என்கிறது. 2016 சட்டத்துக்குப் பிறகு 111. ரயில்வே மண்டலங்கள் 16 என்கிறது. கொல்கத்தா மெட்ரோவைத் தனி மண்டலமாக்கி 17 ஆனது 2010-ல். காண்ட்லா துறைமுகத்துக்குத் தீனதயாள் என்று பெயர் மாறியது 2017-ல். அதுவும் இல்லை. இதில் எதுவும் அரசாங்க ரகசியம் கிடையாது. செய்தித்தாள் படிக்கிற யாரும் திருத்தியிருக்கலாம்.

அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "அடுத்த பதிப்புல மாத்திடுவோம் சார்." அடுத்த பதிப்பை நண்பன் வாங்கினான். அட்டைப்படத்தில் பழைய ரயில் போய் வந்தே பாரத் வந்திருந்தது. உள்ளே நெடுஞ்சாலை 7 அப்படியே இருந்தது.

சரி, இவ்வளவு திட்டுகிறவன் ஆறு வருஷம் ஏன் வைத்திருந்தான், காசு கொடுத்து பைண்டிங் வேறு ஏன் செய்தான் என்று கேட்பீர்கள். இரண்டு காரணம்.

முதல் காரணம், தொழிற்சாலைகளின் அமைவிடம் பற்றிய நாலாவது பாடம். எழுதியது யார் என்று தெரியவில்லை. மற்ற பாடங்களை எழுதிய ஆள் இவர் இல்லை என்பது மட்டும் நிச்சயம். மற்ற பாடங்கள் எல்லாம் பட்டியல். எஃகு ஆலைகளில் பிலாய் சோவியத் உதவி, ரூர்கேலா ஜெர்மன் உதவி, துர்காபூர் பிரிட்டிஷ் உதவி என்று மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற சங்கதி. நாலாவது பாடம் ஏன் என்று கேட்கிறது. கரும்பை வெட்டிய நேரத்திலிருந்து அதில் சர்க்கரைச் சத்து குறைந்துகொண்டே வரும், ஒரு டன் கரும்பில் கிடைக்கும் சர்க்கரையும் ஒரு மூட்டை, இரண்டு மூட்டைதான், அதனால் ஆலை வயலைத் தேடி வர வேண்டும் என்று தொடங்குகிறார். பஞ்சு அப்படி இல்லை, நூலானாலும் எடை பெரிதாகக் குறையாது, அதனால் மில் எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்று அடுத்த பத்தி. மோகனூர் ஆலைக்கு டிராக்டரில் கரும்பு போவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், பின்னாலேயே ஓடிக் கரும்பு உருவியும் இருக்கிறேன். அந்த டிராக்டருக்கு அப்படி என்ன அவசரம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதே பாடத்தில் சணலும் வருகிறது. பிரிவினையில் ஆலைகள் ஹூக்ளிக் கரையில் இந்தியாவோடு நின்றுவிட்டன, சணல் விளைந்த நிலத்தில் பெரும்பகுதி கிழக்கு வங்கத்தோடு போய்விட்டது. கராச்சி கைவிட்டுப் போனதால்தான் காண்ட்லாவை வளர்க்க வேண்டியிருந்தது. கோயம்புத்தூரில் மில்கள் பெருகியதற்குப் பக்கத்துக் கரிசல் மண் பருத்தி ஒரு காரணம் என்றால், 1930-களில் பைக்காராவிலிருந்து வந்த மின்சாரம் இன்னொரு காரணம். ஜார்கண்ட் பக்கம் நிலத்தடியில் அவ்வளவு இருந்தும் தொழில் ஏன் அங்கேயே குவியவில்லை என்பதற்குச் சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையைச் சொல்கிறார். நிலக்கரியும் இரும்பும் நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே விலை என்று ஆக்கிவிட்டால் சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஆலை கட்ட யார் வருவார்கள்? 1990-களின் தொடக்கம் வரை அது இருந்தது. இதை எனக்கு வேறு எந்தக் கைடும் சொன்னதில்லை.

இரண்டாவது காரணம், பின்னட்டைக்கு முன்னால் மடித்து ஒட்டியிருந்த வரைபடம். கனிமங்களையும் ரயில் பாதையையும் துறைமுகங்களையும் ஒரே படத்தில் போட்டிருந்தார்கள். மற்ற புத்தகங்களில் கனிமத்துக்கு ஒரு படம், போக்குவரத்துக்கு ஒரு படம் என்று தனித்தனியாக இருக்கும். ஒன்றாகப் போட்டால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். சத்தீஸ்கரின் தென்கோடியில் பைலாடிலா மலை. அதன் அடிவாரத்தில் கிரந்துலில் தொடங்கும் பாதை மலைகளுக்குள் வளைந்து வளைந்து அரக்கு வழியாகக் கொத்தவலசைக்கு இறங்கி, விசாகப்பட்டினத்தில் கடலைத் தொடுகிறது. 1960-களில் ஜப்பானுக்கு இரும்புத் தாது அனுப்பப் போட்ட பாதை. தனியாகப் பார்த்தால் அது காட்டுக்குள் போய்த் தொலைகிற ஒரு கோடு. பைலாடிலா என்ற புள்ளியோடு சேர்த்துப் பார்த்தால் வேறு எங்கும் போயிருக்க முடியாது.

இந்தப் படத்தின் மேல்தான் பென்சிலால் புது நெடுஞ்சாலை எண்களை எழுத ஆரம்பித்தேன். கைடில் இருந்தவை தப்பு என்பதால் வேறு வழி இல்லை. எழுதிக்கொண்டே வரும்போது ஒரு ஒழுங்கு தெரிந்தது. வடக்கு தெற்காகப் போகும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். தமிழ்நாட்டிலேயே பாருங்கள்: கடற்கரையை ஒட்டிப் போவது 32, விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் வழியாக மானாமதுரைக்குப் போவது 36, திருச்சி வழியாகத் தூத்துக்குடிக்குப் போவது 38, எங்கள் ஊர் வழியாகப் போவது 44, மலையைத் தாண்டினால் கேரளத்தில் 66. குறுக்கே போகும் சாலைகளுக்கு ஒற்றைப்படை. அவை வடக்கிலிருந்து தெற்கே ஏறிக்கொண்டே வரும். காஷ்மீரில் 1. சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை 79, கரூர் வழியாகச் சிதம்பரம் போவது 81, திண்டுக்கல் வழியாக நாகப்பட்டினம் போவது 83, கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தொண்டிக்கு வருவது 85, ராமேசுவரம் 87. மூன்று இலக்கம் என்றால் கிளைச் சாலை, கடைசி இரண்டு எண்தான் தாய்ச்சாலை. சேலத்தில் பிரிந்து கோயம்புத்தூர் வழியாகக் கொச்சிக்குப் போவது 544. அதாவது 44-ன் பிள்ளை. இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய எண்களில் திசையைச் சொல்லும் இந்த மாதிரி பிடி கிடையாது, உருப்போட வேண்டியதுதான்.

அப்பா முப்பது வருஷம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். ஓடிப்போய் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நம்பரெல்லாம் எனக்கெதுக்கு சாமி? இது சேலம் ரோடு, இது பாம்பே ரோடு" என்றார். அப்புறம் விரலை நாக்பூரில் வைத்தார். "நாக்பூர் போயிட்டா நாலு திக்கும் கதவு." இந்தூரிலிருந்து சோயா புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் வருவாராம். நாமக்கல் கோழி இடுகிற முட்டைக்குப் பின்னால் இவ்வளவு தூரம் ஓடி வந்த தீவனம் இருக்கிறது. கைடில் கோழிப்பண்ணைக்கு ஒரே ஒரு வரி. நாக்பூரில் நான் எழுதி வைத்திருந்த எண்கள் 44, 53. தெற்கு வடக்காக ஒன்று, ஹசீராவிலிருந்து பாரதீப் துறைமுகத்துக்குக் குறுக்கே ஒன்று. அப்பா சொன்ன நாலு கதவும் அதுதான். 2022-ல் எழுதிய குரூப் 4-ல் எனக்கு வேலை கிடைத்ததற்கு இந்தப் படம் எவ்வளவு காரணம் என்று கணக்குப் போட்டதில்லை. குரூப் 2-க்கு இன்னமும் இதைத்தான் விரிக்கிறேன்.

இப்போது பைண்டிங் கதை. முதுகு விட்டுப்போய், பக்கங்கள் கொத்துக் கொத்தாகக் கழன்று வந்ததால் கொடுத்தேன். ஆறு வருஷத்தில் மூன்றாவது முறை ஒட்டுவது. ஒரு வருஷம்கூடத் தாங்காத பசையைப் போட்டு விற்கிறார்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் 120 ரூபாய் வாங்கிக்கொண்டு காலிகோ துணி ஒட்டி, கல் மாதிரி கட்டிக் கொடுத்தார். பிரித்தேன். ஓரங்கள் மூன்று பக்கமும் மெஷினில் நறுக்கி வழவழவென்று இருந்தன. ஓரத்தில்தான் என் பென்சில் குறிப்புகள். ஒரு பக்கத்தில் 544 என்று எழுதியிருந்ததில் 5 போய், வெறும் 44 நிற்கிறது. பிள்ளை போய்த் தாய் மட்டும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வரைபடத்தை மடித்த மடிப்பு வெளி ஓரத்தில் இருந்திருக்கிறது. மெஷின் அந்த மடிப்பையும் சேர்த்து நறுக்கிவிட்டது. விரித்தால் இந்தியா இரண்டு துண்டு. நடுவில் அரை விரல் அகலத்துக்கு ஒரு கீற்றே இல்லை. நாக்பூர் அந்தக் கீற்றில்தான் இருந்தது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, "உள்ளே மடிச்ச படம் இருக்குங்க" என்று நான்தான் சொல்லாமல் விட்டேன். செல்லோடேப்பால் ஒட்டியிருக்கிறேன். கீற்று போன அளவுக்கு நாடு ஒல்லியாகிவிட்டது. அப்பாவிடம் காட்டியபோது, "நாக்பூர் இல்லாம எப்படிப் போவே?" என்று சிரித்தார்.

ஆகவே தம்பிக்குச் சொல்வது: வாங்காதே. சமச்சீர் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் படி, ஒரு நல்ல அட்லஸ் வாங்கு. ஒன்பது வருஷம் கழித்தும் ஒரு எண்ணைத் திருத்தாதவர்களுக்கு நம் காசு போகக் கூடாது. மதிப்பெண் கேட்டால் பத்துக்கு மூன்று. அந்த மூன்றும் நாலாவது பாடத்துக்கு.

போனில் இதைத்தான் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப உங்க கைடு உங்களுக்கு வேண்டாமுங்களே, எனக்குக் கொடுத்துடுங்களேன்" என்றான். முடியாது என்றேன். ஏன் என்றான். பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வா, நாலாவது பாடத்தையும் படத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள், நாக்பூரை மட்டும் நீயே வரைந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி வைத்தேன்.