ஏழு ஆண்டுகள் ஒரு .357 மேக்னத்துடன்: ரூகரா, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனா என்று கேட்பவருக்கு

ஐந்து வாரங்களாகப் பழுதுபார்ப்பவரிடம் கிடந்த என் ரிவால்வர், .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுடுவது, சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை வீடு திரும்பியது. அன்று மாலையே அரிசோனா மாநிலத்தின் டூசானில் இருக்கும் நண்பர் அழைத்தார். "அண்ணா, .357 மேக்னம் ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன். ரூகரா, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனா, கோல்ட்டா? நீங்கள் சொல்வதை வாங்கிவிடுகிறேன்" என்றார். அவரிடம் அரை மணி நேரம் பேசியும் சொல்ல வேண்டியதில் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ரூகர் ஜிபி100. துருப்பிடிக்காத எஃகு, நான்கு அங்குலத்தைச் சற்றே தாண்டிய குழல், ஆறு தோட்டா. ஃபீனிக்ஸ் நகரின் வடக்கே அரிசோனா மீன்வள, வனவிலங்குத் துறை நடத்தும் பென் ஏவரி சுடுதளத்துக்கு மாதம் இருமுறை செல்கிறேன். பெரும்பாலும் .38 ஸ்பெஷல் தோட்டாக்களைச் சுடுவேன். இறுதியில் ஒரு பெட்டி மேக்னம். அண்மைக்காலம்வரை இதுதான் வழக்கம், இந்த வழக்கத்திலிருந்துதான் என் ஓயாத தொல்லையும் பிறந்தது.

.357 மேக்னம் வாங்குகிற எவரும் முதலில் சொல்லும் காரணம், அதில் விலை மலிவான, உதைப்பு குறைந்த .38 ஸ்பெஷலையும் சுடலாம் என்பதுதான். அது முற்றிலும் உண்மை. 1935-இல் மேக்னம் தோட்டா விற்பனைக்கு வந்தபோது, அதைப் பழைய .38 துப்பாக்கிகளில் யாரும் தவறிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அதன் பித்தளைக் கூட்டை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீளமாக்கினார்கள். இன்றைய தர அளவுகளின்படி .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, மேக்னத்துக்கு 35,000. நீளமாக இருப்பதால் மேக்னம் தோட்டா, .38 சிலிண்டரின் குட்டையான அறைக்குள் (தோட்டா அமரும் துளைக்குள்) நுழையாது. குட்டையானது நீளமான அறைக்குள் தாராளமாக நுழையும். ஆனால் அந்தக் குட்டையான கூட்டின் வாய் முடிகிற இடத்துக்கு அப்பால் அறையின் சுவர் வெறுமையாக நிற்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் கரியும் ஈயத் துகளும் குண்டின் மேல் பூசிய மெழுகும் அந்த இடத்தில் ஒரு வளையமாகப் படிகின்றன. நூறு தோட்டாக்களுக்குப் பிறகு வெளிச்சத்துக்கு நேராகச் சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வோர் அறையிலும் ஒரே ஆழத்தில் கறுப்பு மோதிரம் ஒன்று தெரியும். அதன் பிறகு மேக்னம் தோட்டாவைப் போட்டால் முழுமையாக உள்ளே இறங்காமல் கடைசி அரைக்கால் அங்குலத்தில் நின்றுவிடுகிறது. கட்டைவிரலால் அழுத்தி உட்கார வைத்துச் சுட்டாலோ, விரிந்த கூடு அந்த வளையத்தைக் கவ்விக்கொண்டு வெளியே வர மறுக்கிறது.

இது எந்த நிறுவனத்தின் குறையும் அன்று. கோல்ட் பைத்தானிலும் இதே வளையம்தான், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 686-இலும் இதே வளையம்தான். இருந்தாலும், சிறப்பு என்று சொல்லி விற்கப்படுகிற வசதியே இந்தத் தொல்லைக்கு மூலம் என்பதைக் கடை மேசையில் நின்று யாரும் எனக்குச் சொல்லவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. இப்போது நான் கடைப்பிடிக்கும் வழி எளியது: மேக்னத்தை முதலில் சுட்டுவிடுகிறேன், .38 அதற்குப் பிறகுதான். வீட்டுக்கு வந்ததும் கரைப்பானில் நனைத்த, துளையின் அளவைவிடச் சற்றுப் பருத்த வெண்கலத் தூரிகையை ஒவ்வோர் அறையிலும் பத்து முறை சுழற்றுகிறேன். தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்ளும் நண்பர்கள் மேக்னம் கூட்டிலேயே மென்மையான அளவு மருந்தை இட்டு இந்தச் சிக்கலையே இல்லாமல் செய்துவிடுகிறார்கள். பொறுமையுள்ளவர்களுக்கு அதுவே நல்ல வழி.

பழுதுபார்க்கப் போன கதை இதைவிடச் சிறிய ஒரு பொருளால் வந்தது. சென்ற வசந்தத்தில் மலிவு விலையில் கிடைத்த .38 தோட்டாக்களை மொத்தமாக வாங்கியிருந்தேன். இரண்டாம் பெட்டியின் நடுவில் விசையை இழுத்தால் சிலிண்டர் பாதி வழியில் நின்றது. சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தாலும் அசையவில்லை. உள்ளே மூன்று தோட்டாக்கள் சுடப்படாமல் இருந்தன. குழலை இலக்கின் பக்கமே வைத்தபடி தள அலுவலரை அழைத்தேன். இருவருமாகச் சேர்ந்துதான் சிலிண்டரைத் திறந்தோம். மறுநாள் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். சிலிண்டரைச் சுழற்றும் கொக்கி தேய்ந்துவிட்டது, சுத்தியும் சிலிண்டரும் ஒத்தியங்கும் நேரக்கணிப்பு தவறிவிட்டது என்றார். ஐந்து வாரங்கள் கழித்து, புதிய கொக்கி பொருத்தியதாக எழுதி நூற்று நாற்பது டாலர் சீட்டுடன் திருப்பித் தந்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அதில் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மொத்தமாக வாங்கியதில் மிச்சமிருந்த தோட்டாக்களுடன் சுடுதளத்துக்குச் சென்றபோது அறுபதாவது தோட்டாவில் சிலிண்டர் மீண்டும் நின்றது.

அன்றிரவு துப்பாக்கி காலியாக இருப்பதை இருமுறை சரிபார்த்துவிட்டு, மேசை விளக்கின் கீழ் சிலிண்டரைத் திறந்து, கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டை உயர்த்திப் பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தேன். தகட்டின் ஒரு முனைக்கு அடியில், கடுகில் கால் பங்குகூட இல்லாத, பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு தட்டையான துகள் ஒட்டியிருந்தது. எரியாமல் மிஞ்சிய வெடிமருந்து. அந்த ஒரு துகள் தகட்டை முழுமையாக உட்காரவிடாமல் தூக்கி நிறுத்தியது. அதனால் தோட்டாக்களின் அடிப்பகுதி பின்சுவரில் உராய்ந்து சிலிண்டரையே பூட்டியது. பழைய பல்துலக்கியால் ஒருமுறை தேய்த்தேன், விழுந்துவிட்டது. அதன் பிறகு சிலிண்டர் வெண்ணெயாகச் சுழன்றது. ஐந்து வாரமும் நூற்று நாற்பது டாலரும் இந்தத் துகளுக்காகப் போனதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. குழலைத் தரையை நோக்கிப் பிடித்துக் கூடுகளைத் தள்ளும் என் பழக்கத்துக்கும் இதில் பங்குண்டு. அப்படித் தள்ளினால் கூட்டிலிருந்து உதிர்வதெல்லாம் தகட்டின் அடியில்தான் விழும். குழலை வானத்தை நோக்கி நிமிர்த்தி, தள்ளுகோலை உள்ளங்கையால் ஒரே தட்டாகத் தட்ட வேண்டும்.

நிறுவனங்களை ஒப்பிடும்போது, திறந்து பார்க்க எது இடம் கொடுக்கிறது என்பதை நான் முன்னே வைப்பதற்குக் காரணம் இதுதான். ஜிபி100 1980களின் நடுவில் வந்தபோதே அதன் சட்டகத்தில் பக்கத் தகடு கிடையாது. பிடியில் உள்ள ஒரு திருகைக் கழற்றி, பிடிக்குள் வைத்துத் தரும் சிறு முள்ளைச் சுத்தியின் கம்பித் துளையில் செருகி, முதன்மைச் சுருள்வில்லை அப்படியே வெளியே எடுத்துவிடலாம். பிறகு சுத்தி வருகிறது, அதன் பிறகு விசைத் தொகுதி முழுவதும் ஒரே துண்டாகக் கீழ்ப்புறம் கழன்று கைக்கு வருகிறது. சிலிண்டரும் அதைத் தாங்கும் கையும் கடைசியில் முன்பக்கமாக உருவிக்கொண்டு வரும். முதல் முறை எனக்கு முக்கால் மணி நேரமானது. இப்போது பத்து நிமிடம் போதும். ஏழு ஆண்டுகளில் இந்தத் துப்பாக்கி எனக்குத் தந்த எதிர்பாராத மகிழ்ச்சி இதுதான்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் வலப்புறம் ஒரு பக்கத் தகடு உண்டு. திருகுகளைக் கழற்றியபின் அதை நெம்பி எடுக்கவே கூடாது; திருப்புளியின் மரப்பிடியால் பிடிச்சட்டத்தை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தால் அதிர்வில் தகடு தானாகவே உயரும். நெம்பியவர்களின் துப்பாக்கியில் அந்த விளிம்பில் வெள்ளைக் கீறல் ஒன்று என்றும் நிற்கும். பழையது வாங்கும்போது அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சிலிண்டரைத் திறக்கும் விசைப்பொத்தானிலும் மூன்று நிறுவனங்களும் மூன்று திசையில் செல்கின்றன. ஸ்மித்தில் கட்டைவிரலால் முன்னுக்குத் தள்ள வேண்டும், கோல்ட்டில் பின்னுக்கு இழுக்க வேண்டும், ரூகரில் உள்நோக்கி அழுத்த வேண்டும். சிலிண்டர் சுழல்வதும் அப்படியே: கோல்ட்டில் வலஞ்சுழி, மற்ற இரண்டிலும் இடஞ்சுழி. பழகிய கை இதை மறப்பதில்லை. ஆகவே வீட்டில் ஏற்கெனவே ஒரு ரிவால்வர் இருந்தால் அதே நிறுவனத்தைத் தொடர்வது நல்லது.

பைத்தானைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் அனுபவமில்லை. 1955-இல் வந்து, இடையில் நின்று, 2020-இல் 1,499 டாலர் விலையில் திரும்பி வந்த அந்தத் துப்பாக்கியை நண்பர் ஒருவரிடம் வாங்கி முப்பது தோட்டாக்கள் சுட்டிருக்கிறேன். அழகு என்றால் அதுதான். ஆனால் கரி படிகிற பொருளுக்கு அத்தனை விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பழையது வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். ஸ்மித்தின் மாடல் 19, எடை குறைந்த நடுத்தரச் சட்டகத்தில் கட்டப்பட்டது. சிலிண்டரைத் தாங்கும் கைக்கு இடம் விடுவதற்காகக் குழலின் பின்வாயின் அடிப்புறத்தைச் சீவியிருப்பார்கள். எடை குறைந்த குண்டும் வேகமும் கொண்ட மேக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்ட துப்பாக்கிகளில் அந்த இடத்தில் விரிசல் விட்டதுண்டு. 1980களின் தொடக்கத்தில் சற்றே பெரிய சட்டகத்தில் 686 பிறந்ததற்கு அந்த விரிசலும் ஒரு காரணம். அந்தத் தொடக்ககால 686-களை, தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் சுத்தி மூக்கும் அதன் துளைவளையமும் தொடர்பாக 1987-இல் நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்தது. சரிசெய்யப்பட்டவற்றில் சிலிண்டரைத் திறந்தால் சட்டகத்தில் 'எம்' என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் எழுத்து இல்லாவிட்டால் விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த நிறுவனமாயினும், கடைக்காரரின் அனுமதியுடன், காலித் துப்பாக்கியின் சுத்தியை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, சுத்தி நிற்பதற்கு முன்பே சிலிண்டர் தன் பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்கிறதா என்று ஆறு அறைகளிலும் சோதியுங்கள். விழவில்லை என்றால் அதுதான் உண்மையான நேரக்கணிப்புக் குறை.

2001-க்குப் பின் ஸ்மித்தின் இடப்பக்கத்தில் வந்த, துப்பாக்கியைப் பூட்டிவைக்கும் சாவித்துளையைப் பலர் வெறுக்கிறார்கள். எனக்கும் அது கண்ணை உறுத்துகிறது. அண்மை ஆண்டுகளில் அந்தப் பூட்டில்லாத மாதிரிகளும் சில திரும்பி வந்திருப்பதால் காத்திருக்க முடிந்தவர்கள் காத்திருக்கலாம்.

இனி விசை. என் துப்பாக்கி பழுதில் இருந்த நாள்களில், வழக்கமாகச் செல்லும் கடையில் ஒரு புதிய 686-ஐ எடுத்துக் காட்டினார்கள். சுத்தியைத் தொடாமல் விசையை மட்டும் இழுத்துச் சுடும் முறையில் பெரும்பாலான ரிவால்வர்கள் பத்துப் பன்னிரண்டு பவுண்டு இழுவை கேட்கும். அந்த 686-இலும் எடை அதுவாகத்தான் இருந்திருக்கும்; ஆனால் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே சீராக, கிணற்றுக் கயிறு ராட்டினத்தில் வழுக்கி வருவதைப்போல வந்தது. சிலிண்டர் பூட்டிக்கொள்ளும் ஒலியை விரலே கேட்டது. ஏழு ஆண்டுகளில் என் ரூகருக்கு நான் எத்தனையோ முறை எண்ணெயிட்டு, மெருகேற்றி, ஆயிரக்கணக்கில் சுட்டுப் பழக்கிய பிறகு வந்து சேர்ந்த இழுவை, அந்தப் புதிய துப்பாக்கியில் பெட்டியைத் திறந்த முதல் நாளே இருந்தது. கடையை விட்டு வெளியே வந்த பிறகும் அது விரலில் இருந்தது.

ஆகவே நண்பரிடம் 686 வாங்குங்கள் என்றுதான் சொன்னேன். ரூகரைப் பற்றி இத்தனை நேரம் சொன்ன நன்மைகள் எதையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் புதிதாகச் சுடக் கற்கும் ஒருவர் முதல் ஆண்டில் துப்பாக்கியை முழுவதுமாகப் பிரிக்கப் போவதில்லை. விசையை ஆயிரம் முறை இழுக்கப் போகிறார். அந்த ஆயிரம் இழுவைகளும் சீராக இருந்தால் அவருடைய கை விரைவில் பழகும். எடை குறைந்த சிறு மேக்னம் மட்டும் வேண்டாம் என்றேன். அதன் உதைப்பில் சுடப்படாத தோட்டாக்களின் குண்டுகள் கூட்டிலிருந்து முன்னே நகர்ந்து சிலிண்டரைப் பூட்டிவிடக்கூடும், கற்பவரின் கையும் அஞ்சிப்போகும்.

"அப்படியென்றால் உங்கள் ரூகரை மாற்றிக்கொள்ளப் போகிறீர்களா அண்ணா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த வாரம் அவர் ஃபீனிக்ஸ் வருகிறார். பென் ஏவரியில் முதலில் என் ரூகரை அவர் கையில் கொடுத்து மேக்னம் ஒரு பெட்டியும் .38 இரண்டு பெட்டிகளும் சுடச் சொல்லப் போகிறேன். மாலையில் கரைப்பானையும் தூரிகையையும் அவரிடமே கொடுத்து அந்தக் கறுப்பு மோதிரங்களைத் தேய்க்க வைப்பேன். அதன் பிறகும் வாங்கும் எண்ணம் மாறாவிட்டால், துப்பாக்கி வாங்குவோர் கடையில் நிரப்பும் அமெரிக்க அரசின் 4473 படிவத்தை நிரப்பும்வரை கடையில் உடன் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன்.