நிவாரணப் பணமா, போர்க்கப்பலா? குளுவாங் தோட்டப்புறத்திலிருந்து ஓர் அலசல்

கொரோனாக் காலத்தில், 2021 மே 31 அன்று அப்போதைய மலேசியப் பிரதமர் முகிதீன் யாசின் 40 பில்லியன் ரிங்கிட் உதவித் தொகுப்பை அறிவித்தார். மறுநாள் முதல் நாடு முழுக்க ஊரடங்கு. அதே மே 31 அன்றுதான் சீன விமானப்படையின் 16 விமானங்கள் சரவாக் கடற்பரப்பை நெருங்கின. லாபுவானிலிருந்து நமது ஹாக் போர் விமானங்கள் விரைந்து போய் அவற்றை அடையாளம் கண்டன. வயிற்றுப் பாடும் எல்லைக் காவலும் ஒரே நாளில் வாசலுக்கு வந்துவிட்டன. ஒரு பக்கம் செம்பனைத் தோட்டங்கள், மறுபக்கம் கெம் மக்கோத்தா இராணுவ முகாம் என்று வாழும் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில், எது முதலில் என்ற வாக்குவாதத்துக்கு இன்றும் குறைவில்லை.

முதலில் நிவாரணம். 2020 மார்ச் 27 அன்று அறிவித்த பிரிஹாத்தின் தொகுப்பின் மதிப்பு 250 பில்லியன் ரிங்கிட். அதில் அரசு நேரடியாகப் போட்டது 25 பில்லியன்தான். மீதியில் பெரும்பகுதி கடன் தவணை ஒத்திவைப்பு, கடன் உத்தரவாதம் போன்றவை. ஆனால் அந்த 25 பில்லியன் செய்த வேலையைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். மாத வருமானம் 4,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட குடும்பத்துக்கு 1,600 ரிங்கிட் என்றார்கள். முதல் தவணை ஏப்ரலிலேயே வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அக்கா, அந்தப் பணத்தில் மளிகைக் கடைப் பாக்கியை அடைத்து, இரண்டு மூட்டை அரிசி வாங்கி வைத்தார். செம்பனை வேலை அவருக்கு நிற்கவில்லை. சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த மகனின் சம்பளம்தான் நின்றுபோனது. சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர்ப் பாலம் பழையபடி திறக்க 2022 ஏப்ரல் ஆகிவிட்டது.

ஓட்டைகளும் இருந்தன. சம்பள மானியம் முதலாளி வழியாக, சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பதிவு வழியாக வந்தது. ஒப்பந்தக்காரரிடம் சம்பளச் சீட்டே இல்லாமல் நாள்கூலிக்குப் போனவர்களுக்கு அது எட்டவில்லை. 2021 நடுவில் உதவி கேட்டு வீடுகளில் வெள்ளைக் கொடி ஏறியபோது, அண்டை வீட்டுக்காரர்களும் கோவில்களும்தான் அரிசி, பருப்போடு ஓடின.

எனக்கு ஆறாத விஷயம் இன்னொன்று. நிவாரணம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் தொகையில் பெரும்பங்கு நம் சொந்தச் சேமிப்பு. இ-லெஸ்தாரி, இ-சினார், இ-சித்ரா, பிறகு 2022-இன் சிறப்புப் பண மீட்பு என நான்கு திட்டங்களிலும் ஊழியர் சேமநிதியிலிருந்து மக்கள் எடுத்தது 145 பில்லியன் ரிங்கிட். அரசின் முதல் 25 பில்லியனைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு! அந்த அக்காவும் இ-லெஸ்தாரியில் மாதம் 500 எடுத்தார். அது அவருடைய முதுமைக்கால சோறு.

இனி பாதுகாப்பு. 322.5 பில்லியன் ரிங்கிட் கொண்ட 2021 வரவு செலவுத் திட்டத்தில் தற்காப்பு அமைச்சுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 16 பில்லியன். நூற்றுக்கு ஐந்து. அதிலும் பெரும்பகுதி வீரர்களின் சம்பளத்துக்கும் பராமரிப்புக்கும் போகிறது. இதில் கை வைக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஊரடங்கில் சாலைத் தடுப்புகளில் போலீசாரோடு நின்றதும், ஓப்ஸ் பென்தெங் என்ற எல்லைக் காவல் நடவடிக்கையில் நின்றதும், கள மருத்துவமனை அமைத்ததும் இராணுவம்தான். அன்று சரவாக் வானில் பறந்த ஹாக் விமானங்கள் தொண்ணூறுகளில் வாங்கியவை. அவற்றுக்கு மாற்று வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்?

பெரிய கொள்முதல் என்று வரும்போதுதான் தராசு சாய்கிறது. கடற்படைக்கு ஆறு கரையோரப் போர்க்கப்பல்கள், 9 பில்லியன் ரிங்கிட். முதல் கப்பல் 2019-இல் வந்திருக்க வேண்டும். 6 பில்லியன் கொடுத்தும் ஒரு கப்பல்கூட முடியவில்லை என்று நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2022 ஆகஸ்டில் அறிக்கை வைத்தது. 6 பில்லியனை 1,600-ஆல் வகுத்துப் பாருங்கள்: 37 லட்சத்து 50 ஆயிரம் குடும்பங்கள். அந்த உதவிக்குத் தகுதியானவை என்று அரசு கணக்கிட்டதே ஏறத்தாழ 40 லட்சம் குடும்பங்களைத்தான். ஒரு பணம் வாரக் கணக்கில் தோட்டத்து லயத்து வீட்டுக் கதவைத் தட்டியது. இன்னொரு பணம் வருடக் கணக்கில் கடலுக்கு வரவே இல்லை. எல்லையில் நிற்கும் மாலுமியும் இதில் ஏமாந்தவர்தான்.

ஆகவே நோய்க்காலத்தில் என் வரிசை இது: வீட்டுக்கு நேரடிப் பணம் முதலில், அதுவும் முதலாளியின் பதிவை நம்பாமல். வீரர்களின் சம்பளமும் பராமரிப்பும் அதற்கு இணையாக. புதுக் கப்பலும் புது விமானமும் அதற்குப் பிறகு. வேலை முடிந்த அளவுக்கே தவணை. தொழிலாளியின் சேமநிதி கடைசிப் புகலிடமாக மட்டும் இருக்க வேண்டும்.

2023-இல் கப்பல்களை ஐந்தாகக் குறைத்தார்கள், செலவோ 11.2 பில்லியனாக ஏறியது, அரசு ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு, 40 முதல் 54 வயதுக்குள் சேமநிதியில் ஓய்வுக்காலத்துக்கான முதல் கணக்கில் 10,000 ரிங்கிட்டுக்கும் குறைவாக வைத்திருந்தவர்களுக்கு அரசு போட்டது 500 ரிங்கிட். இ-லெஸ்தாரியில் ஒரு மாதம் எடுத்த தொகை. கரைந்த கணக்குகளை நிரப்ப, கப்பலுக்குக் காட்டிய அதே தாராளத்தோடு ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கும்படி நம் நாடாளுமன்ற உறுப்பினர்களை நாம் கேட்டே ஆக வேண்டும்.