கோப்புகள் வீடு திரும்பிய ஐந்து ஆண்டுகள்

மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் தொழில். 2011 முதல் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் என் எழுத்து முழுவதும் உலாவிக்குள் இயங்கும், கோப்புகளை நிறுவனங்களின் தொலைதூரக் கணினிகளில் வைக்கும் கிளவுட் சேவைகளிலேயே கிடந்தது. 2021 தொடக்கத்தில் அதைச் சிறிது சிறிதாக என் மடிக்கணினிக்குக் கொண்டுவந்தேன். நெடிய ஆவணங்களுக்கு லிபர்ஆபீஸ், குறிப்புகளுக்கு அப்சிடியன், கணினியிலும் கைப்பேசியிலும் கோப்புகளை ஒன்றுபோல் வைத்திருக்கும் ஒத்திசைவுக்கு சிங்க்திங் என மூன்று மென்பொருள்களோடுதான் அன்றிலிருந்து என் வேலை நடக்கிறது.

மாறியதற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. நான் சந்தா கட்டிவந்த குறிப்புச் சேவை ஒன்று கட்டணத்தை உயர்த்தியபோது, என்னிடம் உண்மையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். கடவுச்சொல் ஒன்றுதான் இருந்தது. 2013 ஜூலையில், வலைத்தளங்களின் புதிய பதிவுகளைத் திரட்டித் தந்த கூகுள் ரீடர் மூடப்பட்டதும், அதே ஆண்டில் அடோபி தன் வடிவமைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகளைச் சந்தா முறைக்கு மாற்றியதும் அப்போது எனக்குப் பிறர் கதையாகவே பட்டன. கணினியின் வரலாற்றில் தொலைவுக்கும் மேசைக்கும் இடையிலான இந்த ஊசலாட்டம் புதிதும் அன்று. 1960-களில் ஒரே பெரிய கணினியைப் பலர் முனையங்கள் வழியே பகிர்ந்துகொண்டார்கள். 1979-இல் வந்த விசிகால்க் என்னும் விரிதாள் போன்ற மென்பொருள்கள் கணக்கை மேசைக்குக் கொண்டுவந்தன. 2006-இல் அமேசான் தொடங்கிய எஸ்3 என்னும் இணையவழிச் சேமிப்பகம் போன்ற சேவைகளோடு அது மறுபடியும் தொலைவுக்குப் போயிற்று.

அன்றாடப் பயன்பாட்டில் முதலில் தெரிந்தது வேகம். அறுநூறு பக்க மொழிபெயர்ப்பை உலாவியில் திறந்தால், நான் அடித்த உயிர்மெய் திரையில் வந்து சேர்வதற்குள் அடுத்த சொல்லை அடித்துவிடுவேன்; லிபர்ஆபீஸில் அந்தத் தடுமாற்றம் இல்லை. மழைக்காலத்தில் இணையம் அறுந்தாலும் வேலை நிற்பதில்லை.

ஆனால் காவல் வேலையும் நம் தலையில் விழுகிறது. சிங்க்திங் ஒத்திசைவுக் கருவியே தவிர, காப்புப் பிரதிக் கருவி அன்று. ஒரு சாதனத்தில் அழித்தால் மற்றதிலும் அழியும் என்பது அதன் ஆவணத்தில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்காத நான் கைப்பேசியில் இடம் போதவில்லை என்று ஒரு கோப்புறையை அழித்து, மடிக்கணினியிலிருந்த மூன்று அத்தியாயங்களையும் சேர்த்தே இழந்தேன். பழைய பதிப்புகளைச் சேமிக்கும் அமைப்பை அதன் பிறகே இயக்கினேன்; இப்போது வாரம் ஒருமுறை வெளி வன்தட்டில் ஒரு நகலும் எடுக்கிறேன். 2024 இறுதியில் சிங்க்திங்கின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலியின் மேம்பாடு நிறுத்தப்பட்டது. வேறு ஆர்வலர்கள் பராமரிக்கும் கிளைப் பதிப்புக்கு மாற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் எதிர்பாராத பாடம் பழைய குறுந்தகடு ஒன்றிலிருந்து வந்தது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன், 2002 வாக்கில் பாமினி எழுத்துருவிலும், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பழைய முறையான டிஸ்கி குறியாக்கத்திலும் தட்டச்சு செய்த கட்டுரைகள் அதில் இருந்தன. அவை என் அலமாரியை விட்டு ஒருநாளும் வெளியே போனதில்லை. ஆயினும் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த குப்பைதான் தெரிந்தது. பாமினியில் ஒவ்வொரு தமிழ் வடிவமும் ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு போய்விட்டால் தமிழும் போய்விடும். மாற்றி நிரல்கள் பெரும்பகுதியை ஒருங்குறிக்குக் கொண்டுவந்தன. ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் துணைக்காலையும் ரகரத்தையும் தட்டச்சு செய்தபோது மாற்றி மாற்றி அடித்திருந்ததால், மிச்சத்தைக் கண்ணால் பார்த்தே திருத்தினேன். மெய்ப்புத் திருத்துபவனுக்கு அது ஒரு வகையில் தக்க தண்டனை. அதே வாரத்தில், கைவிட்ட குறிப்புச் சேவையிலிருந்து இறக்கிய கோப்புகள் ஒருங்குறியில் இருந்ததால் ஓர் எழுத்தும் சிதையாமல் திறந்தன. வீட்டிலேயே இருந்தது படிக்க முடியாமல் போக, வெளியே இருந்தது பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து எந்த மென்பொருளையும் எடுப்பதற்கு முன், அது கோப்பை எந்த வடிவத்தில் எழுதுகிறது என்பதையே முதலில் பார்க்கிறேன். அப்சிடியனை ஏற்றதற்கும் அதுவே காரணம். அதன் குறிப்புகள் வெறும் உரைக்கோப்புகள், எந்தத் திருத்தியிலும் திறக்கும்.

இருவர் ஒரே பத்தியில் ஒரே நேரத்தில் கைவைக்கும் வேலைக்கு மட்டும் இன்றும் கிளவுடையே நாடுகிறேன். சிங்க்திங்கில் அப்படிச் செய்தால் முரண் கோப்பு என்று இன்னொரு பிரதி முளைக்கும்; எது யாருடைய திருத்தம் என்று பிரிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். உள்ளூர்க் கோப்பையும் கூட்டுத் திருத்தத்தையும் இணைக்கும் 'உள்ளூர் முதல்' மென்பொருள் என்னும் கருத்தை இங்க் அண்ட் ஸ்விட்ச் ஆய்வுக்குழு 2019-இல் முன்வைத்தது. அந்த வழியில் வந்த எதுவும் என் பதிப்பாசிரியரின் மேசையை இன்னும் எட்டவில்லை. எனவே இப்போது கையிலிருக்கும் நாவலின் மெய்ப்பு பகலில் பகிர்ந்த ஆவணத்தில் இருக்கிறது. மாலையில் அதன் பிரதி ஒன்றைத் திறந்த ஆவண வடிவத்தில் இறக்கி, தேதியிட்டு என் கோப்புறையில் போட்டுவிட்டுத்தான் கணினியை அணைக்கிறேன்.