ஆறு வருடமாக கிரெப்பும் ஆக்கும்

ஒரு சின்ன ஆன்லைன் கடையின் இரண்டு சர்வர்களை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டிலும் என்ஜின்எக்ஸ் என்ற வெப்சர்வர் மென்பொருள். வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் அது ஆக்சஸ் லாக் என்ற கோப்பில் ஒரு வரியாக எழுதிவைக்கும்; கோளாறு வந்தால் அதைத்தான் துழாவுவேன். டாஷ்போர்டு எதுவும் கிடையாது. கிரெப் (வரிகளைத் தேடும்), ஆக் (வரியை ஃபீல்டுகளாகப் பிரிக்கும்), சார்ட் (வரிசைப்படுத்தும்), யூனிக் (ஒரே மாதிரி வரிகளைச் சேர்க்கும்) ஆகிய நான்கு கட்டளைகளையும் பைப்பில், அதாவது ஒன்றின் வெளியீடு அடுத்ததற்குப் போகும்படி, கோத்த ஸ்கிரிப்டுகள்தான்.

ஆரம்பத்தில் ஆக் பக்கமே போகவில்லை. ஆக்சஸ் லாக்கில் ‘500’ (சர்வர் எர்ரருக்கான எண்) என்று கிரெப் போட்டு வரிகளை எண்ணுவேன். ஒரு நாள் விடியற்காலையில் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் வர, டெவலப்பரை எழுப்பிவிட்டேன். உண்மையான எர்ரர் நான்கே நான்கு. மீதியெல்லாம், அனுப்பிய பதிலின் பைட் அளவில் 1500, 25003 என்று இருந்த நல்ல வரிகள். அவர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

அப்புறம்தான் ஆக். வழக்கமான கம்பைண்டு ஃபார்மட்டில் ஒன்பதாவது ஃபீல்டு ஸ்டேட்டஸ் கோட் (கோரிக்கை என்ன ஆனது என்று சொல்லும் எண்; 5-இல் தொடங்கினால் சர்வர் எர்ரர்), ஏழாவது பக்கத்தின் முகவரி. ஒன்பதாவது 5-இல் தொடங்கினால் ஏழாவதை எடு, சார்ட் செய், யூனிக்கில் எண்ணு, மேலே இருக்கும் பத்தைக் காட்டு. எந்தப் பக்கம் அடிவாங்குகிறது என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். நடுவில் சார்ட்டை விட்டால் கணக்கு தப்பும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஒரே மாதிரி வரிகளைத்தான் யூனிக் சேர்க்கும்.

என்னை மோசமாக ஏமாற்றியது டெயில், கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் கட்டளை. புது வரிகள் வர வரக் காட்டும்படி சின்ன எஃப் (-f) போட்டு இரவில் பார்த்துக்கொண்டிருந்தேன். 12 மணிக்கு மேல் திரை அமைதியானது. சரி, தீர்ந்தது என்று படுத்துவிட்டேன். பழைய லாக்குகளை ஒதுக்கிவைக்கும் லாக்ரொட்டேட் கோப்பின் பெயரை மாற்றிப் புதிதாக ஒன்றைத் திறந்திருக்கிறது. டெயில் பழையதையே பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கேப்பிட்டல் எஃப் (-F) என்றால் பெயரைப் பின்தொடரும். அன்றிலிருந்து அதுதான்.

சர்வர் நேரம் யுடிசி, அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம். வாடிக்கையாளர் ‘காலை 10 மணிக்குப் பணம் போகவில்லை’ என்றால் லாக்கில் 04:30-ஐத் தேட வேண்டும். நேற்றைக்கு முந்தையவை ஜிஜிப்பில் சுருக்கப்பட்டுவிடும், அவற்றுக்குள் தேட இஸட்கிரெப்.

பெரிய பலன் தந்தது ஸ்கிரிப்டு அல்ல, லாக் ஃபார்மட்டின் கடைசியில் ரெக்வெஸ்ட் டைமை (ஒரு கோரிக்கையை முடிக்க ஆன நேரம்) சேர்த்தது. இப்போது கடைசி ஃபீல்டு 2 நொடியைத் தாண்டிய வரிகளை மட்டும் தினமும் பார்க்கிறேன். எர்ரரே இல்லாமல் இழுத்தடிக்கும் பக்கங்கள் அதில்தான் சிக்குகின்றன.

கடையின் நிரல் ஓடும் பிஎச்பி மொழியின் ஸ்டாக் ட்ரேஸ் (எர்ரர் எந்த வழியாக வந்தது என்ற பல வரிப் பட்டியல்) மட்டும் இன்றும் தலைவலி. கிரெப் முதல் வரியோடு நின்றுவிடும். கீழே 20 வரி சேர்த்துக் கேட்டால் அடுத்த எர்ரரும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும்.