ஃபயர் பிட் கட்டுகிறவர்கள் உள்ளே என்ன கல் வைக்கிறார்கள் என்று பாருங்கள்

இராமநாதபுரம் கடலோரத்தில் வீடு, தோப்பு, ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். மீன் சுடவும் ராத்திரி சுற்றி உட்காரவும் முற்றத்தில் கல்லால் ஃபயர் பிட் என்கிற தீக்குழி கட்டும் ஆசை எங்கள் பக்கமும் பரவிவிட்டது. அதைக் கட்டித் தருகிறேன் என்று வந்த ஒரு காண்ட்ராக்டர் எங்களை ஏமாற்றிவிட்டார். பணம் போனதுகூடப் பெரிதில்லை. பிள்ளைகள் சுற்றி இருக்கும்போது கல் வெடித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் வீடு ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் இடையில். பேசியது 42,000 ரூபாய். வெளியே கருங்கல், உள்ளே ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்), இணைப்புக்கு ஃபயர் கிளே (சூடு தாங்கும் களிமண்), அடியில் ஜல்லி என்று அவரே கைப்பட எழுதிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் உள்ளே வெளிர் மஞ்சளாக வரிசை வரிசையாகக் கல் தெரிந்தது. மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

துபாயிலிருந்து தங்கை குடும்பம் வந்திருந்தது. சீலா மீனுக்கு மசாலா தடவி வைத்துவிட்டு, கருவேல விறகில் தீ மூட்டினோம். முதலில் சடசடவென்று சின்னச் சத்தம். அப்புறம் வேட்டுப் போட்ட மாதிரி ஒரு வெடி. உள்சுவரிலிருந்து தெறித்த துண்டு மச்சானின் கெண்டைக்காலைக் கிழித்தது. இன்னொரு துண்டு, தங்கை மகள் உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தில் விழுந்து பாயைப் பொசுக்கியது. ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கப் பயமாக இருக்கிறது.

மறுநாள் வேறொரு கொத்தனாரை வைத்துப் பிரித்தோம். உள்ளே ஒரு ஃபயர் பிரிக்கூட இல்லை. சிமெண்டில் மஞ்சள் காவியைக் கலந்து பூசி, ஈரம் காய்வதற்குள் கரண்டி முனையால் செங்கல் மாதிரி கோடு கிழித்திருக்கிறார். பூச்சுக்குப் பின்னால் பவளப்பாறைக் கல். உடைந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தால் பொட்டுப் பொட்டாகப் பூ அச்சு, அதற்குள் ஊசி நுழையும் துளைகள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைக் கிட்டப்போய்ப் பார்த்தவர்களுக்கு இந்தக் கல்லை உடனே அடையாளம் தெரியும்.

வீட்டுச் சுவருக்கு அந்தக் காலத்தில் அது நல்ல கல். நெருப்புக்கு ஆகவே ஆகாது. துளைகளில் தண்ணீர் கோத்திருக்கும். அது ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். வெளியேற வழியில்லாமல் பூச்சு அடைத்திருந்தால் கல்லைப் பிளந்துகொண்டுதான் வரும். போதாததற்கு இது சுண்ணாம்புச் சத்துள்ள கல். காளவாயில் போட்டுச் சுண்ணாம்பு சுட்டதே இதைத்தான். வெறும் சிமெண்ட் பூச்சும் 400 டிகிரியைத் தாண்டினால் வலுவிழந்து உதிரும்.

காண்ட்ராக்டரைப் போனில் கேட்டபோது, "உள்ளே எதை வச்சா என்னண்ணே, எரியத்தானே போகுது" என்றார். இரண்டாவது தடவை எடுக்கவே இல்லை.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பவளப்பாறை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளை நம்பித்தான் நம் ஊர் மீன்வளமே இருக்கிறது. இடித்த பழைய வீட்டுக் கல்லோ, கடலில் பெயர்த்ததோ, அந்த மனிதர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியது வீட்டுக்காரர்தானே? வனத்துறைக்கு நாங்களே தகவல் சொன்னோம்; வந்து பார்த்து எடுத்துப்போனார்கள்.

கட்டப் போகிறவர்கள், உள்வரிசை வைக்கும் நாளில் கட்டாயம் பக்கத்தில் இருங்கள். ஃபயர் பிரிக் வழக்கமாக 9 அங்குல நீளம், நாலரை அகலம், 3 கனம். கையில் எடுத்தால் நல்ல பாரம் தெரியும். கடை பில்லைக் கேட்டு வாங்குங்கள். இணைப்பு மெல்லியதாக, ஃபயர் கிளேயில் இருக்க வேண்டும். உள்வரிசைக்கும் வெளிக்கல்லுக்கும் நடுவே விரல் அளவாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். அடியில் காற்றுக்கும் மழைத் தண்ணீருக்கும் வழி வேண்டும். உள்ளே பூச்சு பூசுகிறேன் என்றால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்துங்கள். கட்டியதும் பெரிய தீ போடாமல், நன்றாகக் காயவிட்டுச் சின்னத் தீயில் தொடங்குங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பனையோலைக் கொட்டகைப் பக்கம் பொறி பறக்கும். இடத்தைத் தள்ளி வையுங்கள்.

அவர் இன்னும் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. புல்தரையில் சாம்பல் நிறக் கல்வட்டம், சுற்றி நாலு மர நாற்காலி. அந்த ஒரே போட்டோவைத்தான் எல்லோருக்கும் காட்டுகிறாராம். எங்களுக்கும் அதைத்தான் காட்டினார்.