வீட்டுத் தவளைக்குளம்: தவளைக்கு நூத்துக்கு நூறு, ஷீட்டுக்கு சைபர்

தண்ணி நிக்கறதுக்காகக் குளத்துக்குள்ள விரிக்கற பிளாஸ்டிக் ஷீட்டு விலை இறங்கிடுச்சுன்னு, எனக்குத் தெரிஞ்சவங்க பல பேர் தோட்டத்துல குளம் தோண்டப் போறேன்னு சொல்றாங்க. எங்க வீட்டுக் குளத்துக்கு இந்த வெயில்ல மறுபடியும் ஒட்டு போட்டு முடிச்ச சூட்டோட எழுதறேன், அதனால கொஞ்சம் கோவமா தெரிஞ்சா பொறுத்துக்கங்க, ஆனா சொல்றது எல்லாமே பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

அளவு எல்லாம் சாதாரணம்தான். பத்தடிக்கு ஆறடி, நடுவுல ரெண்டடி ஆழம், ஒரு பக்கம் மட்டும் சரிவா ஏறி தரையோட சேரும், அந்தச் சரிவு இல்லன்னா குட்டித்தவளை வெளிய வர முடியாம செத்துப்போகும். ஹெச்டிபிஇங்கற பிளாஸ்டிக்ல பண்ண கருப்பு ஷீட்டு. மோட்டார் கிடையாது, ஃபவுண்டன் கிடையாது, மீன் கிடையாது. செடின்னு பாத்தா அல்லி, வேலம்பாசி, ஓரத்துல வல்லாரையும் பொடுதலையும். வீடு தாம்பரம் தாண்டி, பின்பக்கம் ஒரு காலத்துல ஏரிப்பாசன வயலா இருந்த இடம், இப்ப ப்ளாட்டு.

முதல்ல தவளையைப் பத்தி சொல்லிடறேன், அதுதான் மனசு நிறைய இருக்கு. தவளையை எங்கயும் போய் பிடிச்சுட்டு வர வேண்டியதே இல்ல, தயவுசெஞ்சு அப்படி பிடிச்சுட்டு வந்து விடவும் விடாதீங்க, ஒரு இடத்துல இருக்கற பூஞ்சை நோய் இன்னொரு இடத்துக்கு அப்படித்தான் போகுது. தண்ணி நின்னா அதுவே வரும். எங்க வீட்ல முதல்ல வந்தது கண்ணை மட்டும் தண்ணிக்கு மேல வெச்சுக்கிட்டு மிதக்குமே, கிட்ட போனா தண்ணி மேலயே தத்தித் தத்தி ஓடுமே, அந்தத் தவளை. அப்புறம் சொறித்தவளை வந்து செடித்தண்டைச் சுத்தி நீள நீளமா ஜவ்வுக்கயிறு விட்டு அதுக்குள்ள வரிசையா கருப்பு முட்டை வெச்சுட்டுப் போச்சு, அதோட தலைப்பிரட்டை கன்னங்கரேல்னு கூட்டமா ஓரத்துலயே திரியும்.

ஆனா நான் எதிர்பாக்கவே எதிர்பாக்காத சந்தோஷம்னா அது மரத்தவளைதான். நம்ம பாத்ரூம்ல, மீட்டர் பாக்ஸ் பின்னாடி எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்குமே, வெளிர் பழுப்புல, விரல் நுனி வட்டமா தட்டையா இருக்குமே, அதேதான், பாலிபிடேட்ஸ் மாகுலேட்டஸ்னு பேரு. இது தண்ணிக்குள்ள முட்டை போடாது. ராத்திரி மழை விட்டதும் தண்ணிக்கு மேல தொங்கற இலையிலயோ கல்லு ஓரத்துலயோ போய் உக்காந்து, பெண் தவளை ஒரு திரவத்தை விட்டு அதைப் பின்னங்காலால அடிச்சு அடிச்சு நுரையாக்குது, ஆண் அது முதுகுலயே இருக்கு, முட்டை எல்லாம் அந்த நுரைக்குள்ள போயிடுது. டார்ச்சை ஒரு துணியால மூடிக்கிட்டு நான் உக்காந்து பாத்திருக்கேன், ரெண்டு காலும் மாத்தி மாத்தி அவ்ளோ நிதானமா வேலை செய்யுது. காலையில பாத்தா முட்டை வெள்ளைக்கருவை அடிச்சு வெச்ச மாதிரி ஒரு கைப்பிடி அளவு வெள்ளை நுரை. மறுநாளே மேல்பக்கம் காஞ்சு பழுப்பு மஞ்சளா ஏடு கட்டிடும், உள்ள ஈரம் அப்படியே இருக்கும், அதனாலதான் வெயில் அடிச்சாலும் முட்டை காயறதில்ல. நாலஞ்சு நாள்ல அடிப்பக்கம் கரைஞ்சு, உள்ள பொரிஞ்சிருக்கற குட்டி எல்லாம் ஒண்ணொண்ணா நழுவி நேரா குளத்துக்குள்ள சொட்டும், ஒரு மழை பெஞ்சா மொத்தமா இறங்கிடும். தண்ணிக்கு நேர் மேல எந்த இலை இருக்குன்னு அந்தத் தவளை எப்படிக் கணக்கு போடுதோ, நான் பாத்தவரைக்கும் ஒரு கூடுகூட தரை மேல கட்டினது இல்ல.

ஒரு வருஷம் பெரிய தவளையும் வந்துச்சு, முதல் பெருமழைக்கு ஆண் எல்லாம் எலுமிச்சை மஞ்சளாகி, கழுத்துக்கு ரெண்டு பக்கமும் நீலமா பை ஊதிக்கிட்டு கத்துமே, அது. இதோட காலுக்காகத்தான் ஒரு காலத்துல மூட்டை மூட்டையா ஏற்றுமதி பண்ணாங்க, 1987-ல மத்திய அரசு தடை போட்டுச்சு. அழகுல அடிச்சுக்க முடியாது, ஆனா இதோட தலைப்பிரட்டை மத்த தலைப்பிரட்டையைத் தின்னும். அந்த வருஷம் மரத்தவளைக் குட்டி தேறினது ரொம்பக் கம்மி. அதுல நாம கை வைக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்.

இப்ப ஷீட்டுக்கு வர்றேன்.

ஷீட்டு ஓட்டை ஆகுறது பிரச்சினை இல்ல, அது எப்ப ஆகுது, எப்ப தெரியுதுங்கறதுதான் பிரச்சினை. ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கு பருவமழை கொட்டும்போது ஓட்டை இருந்தாலும் தெரியாது, ஒழுகறதுக்கு மேல மழை நிரப்பிடும். மார்கழி முடிஞ்சு தை பிறந்து மழை நின்னதுக்கு அப்புறம்தான் தண்ணி மடமடன்னு இறங்க ஆரம்பிக்கும், கரெக்டா அப்பதான் கடைசி மழைக்கு இறங்கின தலைப்பிரட்டை எல்லாம் பின்னங்கால்கூட முளைக்காம தண்ணிக்குள்ள இருக்கும். மரத்தவளைக் குட்டி கால் முளைச்சு வால் கரைஞ்சு வெளிய வர சுமார் ரெண்டு மாசம் ஆகும். ஒட்டு போடணும்னா குளத்தைக் காலி பண்ணி ஷீட்டைக் காய வைக்கணும், காலி பண்ணா அதுங்க செத்துடும். அப்ப என்ன பண்றது, கடைசிக் குட்டி வெளிய வர்ற வரைக்கும் தினமும் தண்ணி ஊத்தறதுதான். குழாய்த் தண்ணியை நேரா ஊத்த முடியாது, குளோரின் இருக்கும், ஒரு டிரம்மைத் திறந்து வெச்சு ஒண்ணு ரெண்டு நாள் விட்டுத்தான் ஊத்தணும். வருஷா வருஷம் இதே கதை. பொங்கலுக்கு ஊருக்குப் போகணும்னாலும் பக்கத்து வீட்டு அக்காகிட்ட பக்கெட்டைக் கொடுத்து கெஞ்சிட்டுத்தான் போக வேண்டியிருக்கு, அவங்க பொறுமையா ஊத்தறாங்க, நல்லா இருக்கட்டும்.

ஓட்டையா இல்ல வெயில்ல ஆவியாகுதான்னு சந்தேகம் இருந்தா ஒரு பக்கெட்டுல தண்ணி நிரப்பி குளத்துக்குப் பக்கத்துலயே வைங்க, ரெண்டும் ஒரே அளவு இறங்கினா ஆவி, குளம் மட்டும் அதிகமா இறங்கினா ஓட்டை. தண்ணி எந்த மட்டத்துல வந்து நிக்குதோ அந்தக் கோட்டுலதான் ஓட்டை இருக்கும்.

ஷீட்டுக்கு நியாயமா பேசணும்னா, தண்ணிக்குள்ளயே இருக்கற பாகம் இன்னிக்கும் புதுசாதான் இருக்கு. கெட்டுப் போறது எல்லாம் மேல் ஓரம், குளம் நிறைஞ்ச மட்டத்துக்கும் வெயில் காலத்து மட்டத்துக்கும் நடுவுல ஒரு முழம் அகலத்துக்கு வெறும் ஷீட்டு வெயில்ல கிடக்கு பாருங்க, அங்கதான். அதுலயும் மடிப்பு விழுந்த இடம்தான் முதல்ல வெடிக்கும், கையால தொட்டா மொறமொறன்னு உடையும். கருப்பு ஷீட்டுல கரி கலந்திருக்கறதால வெயிலைக் கொஞ்சம் தாங்கும், நீலக் கலர்ல வர்ற சாதா தார்ப்பாய் அதுகூட தாங்காது. வித்த கடைக்காரர் பத்து வருஷத்துக்குக் கவலையே வேண்டாம்னாரு. ஓட்டைன்னு போய் நின்னப்ப பிவிசி பைப்புக்குப் போடற கம்மை எடுத்துக் கொடுத்து இதைத் தடவுங்கன்னாரு. ஹெச்டிபிஇல அந்த கம்மு பிடிக்கவே பிடிக்காது, பைப்பு வேற பிளாஸ்டிக், இது வேற பிளாஸ்டிக், இதுல எந்தப் பசையும் லேசுல ஒட்டாது. பண்டம் விக்கறவருக்கு இது தெரிய வேண்டாமா, இல்ல தெரிஞ்சேதான் கொடுத்தாரா, எனக்கு அதை நினைச்சா இப்பவும் ஆத்திரமா வருது. சூடு காட்டி உருக்கித்தான் ஒட்டணும், அதுக்கு ஹாட் ஏர் கன் வெச்சிருக்கற தார்ப்பாய் தைக்கிற ஆளைக் கூப்பிடணும், சின்ன ஒட்டுக்கு வர்றவங்க சுலபத்துல கிடைக்கறதில்ல.

கீழ இருந்து பெருச்சாளி வேற. அதுக்கு ஷீட்டுக்கு அடியில கோழிவலை, அது மேல மணல், மணல் மேல பழைய கோணிச்சாக்குன்னு போட்டது உருப்படியா இருக்கு, அந்தப் பக்கம் இருந்து இதுவரைக்கும் தொல்லை இல்ல. மேல் ஓரத்தையும் இந்தத் தடவை வெயில் படாம கல்லு அடுக்கி, கல்லு சந்துல மண்ணைப் போட்டு பொடுதலையை ஏத்தி விட்டிருக்கேன். கல்லு சந்துதான் பகல்ல தவளைக்கு இருக்கற இடமும், ஆக அதுக்கும் ஆச்சு.

கொசு வராதான்னு எல்லாரும் கேக்கறாங்க. தலைப்பிரட்டை கொசுப்புழுவைத் தின்னு தீத்துடும்னு சிலர் சொல்றதை நம்பாதீங்க, அது பெரும்பாலும் பாசியையும் மக்கினதையும் தின்னுதான் வளருது. கொசுப்புழுவைத் தின்றது தும்பியோட குஞ்சும் நீர்ப்பூச்சிகளும்தான், செடி இருக்கற குளத்துல அதுங்க தானா வந்து சேரும். முதல் சில வாரம் அதுங்க வர்ற வரைக்கும் கொசு இருக்கத்தான் செய்யும், அப்ப பி.டி.ஐ.ன்னு ஒரு பாக்டீரியா மருந்து விக்குது, அது பெரும்பாலும் கொசுப்புழுவையும் அந்த மாதிரி சில பூச்சிப்புழுவையும்தான் கொல்லும். மீனை மட்டும் விடாதீங்க. கம்பூசியா மீனை 1928-ல இத்தாலியில இருந்து கொசுவுக்குன்னு இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க, அது முட்டை, தலைப்பிரட்டை எல்லாத்தையும் கடிச்சுக் குதறிடும், கப்பி மீனும் முட்டையை விடாது. மீன் வேணும்னா மீன் தொட்டி வைங்க, தவளைக்குளத்துல வேண்டாம்.

தண்ணிப்பாம்பு வரும், மடையான் வரும், செண்பகப் பறவை வரும். தண்ணிப்பாம்புக்கு விஷம் இல்ல, தானா போயிடும், அடிக்காதீங்க.

இவ்ளோ சொல்லிட்டு, போடலாமா வேண்டாமான்னு கேட்டா, ஷீட்டுக் குளம் போடாதீங்கன்னுதான் சொல்வேன். எங்க வீட்டுக் குளத்தை நான் மூடமாட்டேன், இந்த ஐப்பசிக்கும் தண்ணி நிக்கும், அது வேற. ஆனா ஐப்பசியில இருந்து மாசி வரைக்கும் வீட்ல தினமும் ஒரு ஆள் இல்லன்னா ஷீட்டை நம்பி தவளையைக் கூப்பிடறது பாவம், முட்டை வெச்ச தவளை நம்ம தண்ணியை நம்பித்தான் வெச்சுட்டுப் போகுது. விலை இறங்கினதுக்காக வாங்கறவங்க முதல் தை மாசத்துலயே வெறுத்துப் போய் குளத்தை மூடிடுவாங்க.

அதுக்குப் பதிலா சிமெண்ட் கிணத்து உறை ஒண்ணு வாங்கி பாதி அளவுக்குப் பூமியில புதைச்சு அடியைப் பூசிடுங்க. புது சிமெண்டுல சுண்ணாம்பு இறங்கும், அதனால தண்ணி நிரப்பி சில நாள் விட்டு கொட்டி, மறுபடி நிரப்பின்னு சில தடவை பண்ணணும், புரட்டாசி முடியறதுக்குள்ள இது ஆகிடணும். உள்ள ஒரு பக்கம் விளிம்பு வரைக்கும் கல்லு அடுக்குங்க, விளிம்புக்கு வெளிய தரையில இருந்தும் அடுக்குங்க, மேல ஒரு செம்பருத்திக் கிளை சாயற மாதிரி வைங்க. மரத்தவளைக்கு அது போதும்.

ஏற்கனவே ஷீட்டு போட்டவங்க வெட்டின மிச்சத்துண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. உருக்கி ஒட்டும்போது அதே ரகம், அதே கனத்துல இருந்தாத்தான் ஒழுங்கா பிடிக்குது, கடையில போய் அளவுக்குத் துண்டு கேட்டா கொடுக்கறதில்ல, முழு ரோலையும் வாங்கச் சொல்றாங்க. வெயில் படாத இடத்துல மடிக்காம சுருட்டி வைங்க.